ஒரே கண்ணை இரண்டு கையால் மூடுவது

எனக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்தது எந்த ரிங்கையும் பார்த்து அல்ல. அரபு நாட்டில், அல் குசைஸ் பகுதியில் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அம்மாவின் தம்பி சொன்ன கதையைக் கேட்டுத்தான். மாமா லேபர் கேம்ப்பில் தங்கி, கம்பெனி பஸ் ஓட்டினார். விடிவதற்கு முன் அறுபது பேரை சைட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே அறுபது பேரைத் திரும்பக் கொண்டுவருவது அவர் டூட்டி. வெள்ளிக்கிழமை லீவு. அந்த ஒரு நாள் அம்மாவின் மீன் குழம்புக்கும் எனக்கும்.

கதையின் நாயகன் அந்தக் காலத்து அமெரிக்க ஹெவிவெயிட் ஒருவர். மாமா அவர் பெயரைச் சொன்னதே கிடையாது, ‘சாம்பியன்’ என்பார். ரூம்மேட்டின் போனில் பார்த்த கறுப்பு வெள்ளைச் சண்டைகள் பாதி, மாமா தானாகச் சேர்த்தது பாதி என்று இப்போது புரிகிறது. பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மற்றவர்கள் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வயதில்தான் அவருக்குப் பட்டத்துக்கான சண்டையே கிடைத்தது. ஜெயித்தார். ஜெயித்த கொஞ்ச நாளில் வலது கண் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வரும். ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் டாக்டர் பார்வையைச் சோதிப்பார். சாம்பியன் வலது கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை வாசிப்பார். அடுத்த கண் என்றதும் இடது கையை எடுத்து, அதே வலது கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் தாளில் குறித்துக்கொண்டிருப்பார், கை மாறியதை மட்டும் பார்ப்பார். மூன்று வருடம் இப்படியே ஓடியதாம். ஒன்பது வயதில் நான் இதைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். மாமா தலையணையைக் கையில் கட்டிக்கொண்டு சாம்பியனாக ஆடும்போது, மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கத்துவது என் வேலை. அவர் கை தாழ்ந்தால் ‘கையைத் தூக்குங்க’ என்று நான்தான் கத்த வேண்டும். அதில் நான் ஒருநாளும் அசந்ததில்லை.

அந்த வருடம் மாமாவின் லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இங்கே அதற்குக் கண்ணாடிக் கடையிலேயே பார்வை பரிசோதித்து, முடிவை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவார்கள். ஜும்மா தொழுகைக்குக் கடை சாத்துவதற்குள் போய்வரக் கிளம்பியவர், என்னையும் கூப்பிட்டார்.

“அவ எதுக்குடா அங்க? வாய் சும்மா இருக்காது” என்றாள் அம்மா.

“வரட்டும்க்கா. எனக்கும் ஒரு துணை.”

கடையில் ஒரு மலையாளி அக்கா இருந்தார். “சேட்டா, ஒரு கண்ணு மூடிட்டு வாசிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா வலது கையால் வலது கண்ணை மூடிக் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார். சாம்பியன் என் கண்முன்னே ரிங்கில் நிற்கிறார்.

“இனி மற்ற கண்ணு.”

மாமாவின் இடது கை மேலே எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாக, கதைப்படி நல்ல கண்ணான இடது கண்ணை நோக்கியே போனது. பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கடையில் உட்காரக் கொடுத்த முக்காலியில் இருந்தபடியே கத்தினேன்.

“மாமா, கையை மட்டும் மாத்துங்க. கண்ணை மாத்தாதீங்க.”

அந்த அக்கா திரும்பினார். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். எழுந்து வந்து, கரண்டி போன்ற கறுப்பு மட்டையால் தானே மாமாவின் இடது கண்ணை மூடினார். “பெரிய எழுத்து மட்டும் மதி, அது போதும் சேட்டா. அது என்னா?”

மாமா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“போர்டு எங்கம்மா இருக்கு?” என்றார்.

வெளியே வந்ததும் அடி விழும் என்று பயந்தேன். மாமா மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். “என்னா தொண்டைடி உனக்கு. கடைக் கண்ணாடியெல்லாம் ஆடிப்போச்சு” என்றார். பிறகு அரபியில் “கலாஸ்”, முடிந்தது, என்று மட்டும் சொன்னார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை.

கம்பெனி பஸ் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இரண்டு வாரத்தில் விசாவைக் கேன்சல் செய்தார்கள். என்னிடம் லீவில் போகிறார் என்றார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊரில் அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஜன்னல் வைக்காத ஒரு வீடு.

போன வருடம் காலேஜ் விடுமுறையில்தான் அம்மா மீதியைச் சொன்னாள். கண் பரிசோதனைக்கு முந்தைய மாதம், காலைப் பனிமூட்டத்தில், வலது ஓரமாகச் சைக்கிளில் போன ஒருவரை மாமா பார்க்கவே இல்லையாம். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி பையை உரசியதில் அந்த ஆள் மணலில் விழுந்து, நல்லவேளையாக எழுந்து தட்டிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே அறுபது பேரும் தூக்கம். மாமா அம்மாவிடம் மட்டும் வந்து சொன்னார். “நானே போய்ச் சொன்னா என் புள்ளைங்க சோத்துக்கு என்ன செய்யும்? சொல்லலன்னா அந்த அறுபது பேரு...” என்று பாதியில் நிறுத்திவிட்டாராம். அந்த இடது கை மறதியில்தான் அப்படிப் போனதா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கேட்கும் தைரியம் இன்னும் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிய அன்றைய மத்தியானம்தான். மாமா சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் படுத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று சாம்பியனின் படம் ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு, அவர் காலடியில் காத்திருந்தேன். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள், எழவில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்து உடைந்தது, எழவில்லை. வாய் லேசாகத் திறந்து, கைகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன. தோற்ற ஒருவர் எப்படி இவ்வளவு நன்றாகத் தூங்கலாம் என்று, எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.