வேகாத பருப்பு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வாழை இலைகளின் கருகிய ஓரத்தை வெட்டியது. முழு இலையாக யாரும் வாங்குவதில்லை. நல்ல பகுதியை மட்டும் நறுக்கி டிபன் இலையாக ஹோட்டலுக்கு அனுப்புவோம். வெயில்தான் கருக்குகிறது என்று எப்போதும் சொல்வாள். அன்று சொல்லவில்லை.

அம்மா பெயர் சீனித்தாய். உடன்குடிப் பக்கம், கடலோரத்தில் எங்கள் தோட்டம். அப்பா இறந்த பிறகு அவள்தான் நடத்தினாள். கிணறு வற்றியதும் போர் போட்டாள். பக்கத்துத் தோட்டத்துச் செந்தூர்பாண்டி கோடையில் தன் போருக்குள் மோட்டாரை ஒரு பைப் நீளம் கீழே இறக்கினால், இவள் இரண்டு பைப் இறக்குவாள். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சில்லை.

நான் நிலத்தடி நீர் பற்றிப் படித்தவள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, ஆழத்திலிருந்து உறிஞ்சினால் கடல்தான் ஏறி வரும், கொஞ்ச காலம் நிறுத்து என்று சொல்லிப் பார்த்தேன்.

"நான் நிறுத்துனா அவரு நிறுத்துவாராக்கும்? என் தண்ணியையும் சேத்துல்லா இழுப்பாரு."

தினமும் மோட்டார் போட்டதும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பாள். நல்ல தண்ணி என்பாள். உப்பு துளித்துளியாக ஏறியது. நாக்கும் கூடவே பழகியது. உப்பை அளக்கும் என் மீட்டர் காட்டியதை அவள் நம்பவில்லை. கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். சப்பென்று இருப்பதாக ஒதுக்கிவிட்டாள்.

இந்தப் பங்குனியில் துவரம்பருப்பு வேகவில்லை. பழைய சரக்கை விற்றதாகக் கடைக்கார ராஜதுரை அண்ணாச்சியிடம் நாலு பேர் முன்னால் சண்டை போட்டாள். அவர் மீதிப் பருப்பை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஒரு தூக்குவாளியுடன் வந்தார். ஊருக்குள் வரும் ஆற்றுக் குழாய்த் தண்ணீரில் வேகவைத்திருந்தார். வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

"பருப்பு மேல குத்தமில்லக்கா. ஒங்க தண்ணிக்குத்தான் அதப் பிடிக்கல."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் போன பிறகு கேட்டாள்.

"ஏளா, இனிமே மாறாதா?"

இரண்டு தோட்டமும் சேர்ந்து நிறுத்தி, மழையும் நன்றாகப் பெய்தால் ஒருவேளை மாறலாம், ஒருவர் மட்டும் நிறுத்திப் பயனில்லை என்றேன். செந்தூர்பாண்டி தோட்டத்துப் பக்கம் பார்த்தாள்.

"நாளைக்கு நானே போயி அவர்ட்ட பேசுதேன்."

அன்று சாயங்காலம்தான் இலை வெட்டினோம். மறுநாள் காலை மோட்டார் ரூமுக்குள் விழுந்து கிடந்தாள். ரத்த அழுத்தத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். சாப்பாட்டில் உப்பு அதிகம் சேர்ப்பார்களா என்று கேட்டார். குறைவுதான் என்றேன். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அம்மாவின் சாவுக்குத் துட்டி கேட்கச் செந்தூர்பாண்டி வந்தார். ஓரமாக உட்கார்ந்து அழுதார். எழுந்து போகும்போது, வாழை காய்ந்துவிடக் கூடாதென்று எங்கள் மோட்டாரையும் தானே போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். வந்தவர்கள் அவரைப் பாராட்டினார்கள்.

அம்மா அவரிடம் கேட்க இருந்ததை இன்னும் யாரும் கேட்கவில்லை.