நிறுத்த முடியாத ஆட்டம்

நான் கேம் விளையாடக் கற்றுக்கொண்ட காலத்தில் எல்லாவற்றிலும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கும் 'பாஸ்' பட்டன் இருந்தது. அரக்கன் வாளை ஓங்கும் நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டால், அதை அமுக்கிவிட்டுக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவேன். அதுவரை அரக்கன் ஓங்கிய வாளோடு அப்படியே காத்திருப்பான். கதை உள்ள, தனியாக ஆடுகிற, இஷ்டத்துக்கு நிறுத்துகிற கேம்கள்தான் எனக்குப் பிடிக்கும். இப்போதும் அவற்றை மட்டுமே ஆடுகிறேன். ஆனால் நடுவில் புத்தி கெட்டுப்போனது.

ஐந்து பேர் ஆன்லைனில் சேர்ந்து சுடுவதுதான் கேம் என்று ஆகிப்போன காலம் அது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, பாதியில் எழுந்தால் தண்டனை. ஆடுகிறவன் வீட்டுக்கு ஒரு வாசல் இருக்கும், அதன் வழியாக யாராவது வருவார்கள் என்று அதை வடிவமைத்தவன் நினைத்தே பார்க்கவில்லை. ஆபீஸ் நண்பர்கள் நால்வரும் அதில் இருந்ததால் நானும் போய்ச் சேர்ந்தேன். முப்பத்து நாலு வயதில் ரேங்க் பைத்தியம் பிடித்து ஆட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோமனூரிலிருந்து பெரியப்பா எங்கள் போத்தனூர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கிணற்றுப் பங்குத் தகராறில் அவரும் அப்பாவும் ஏழு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அப்பா விடிந்ததும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உலாத்திக்கொண்டிருந்தார். அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டார்.

"பதனொரு மணிக்கு வருவாரு. வந்ததீம் எந்திரிச்சு 'வாங்க'ன்னு கேட்டுப்போடு கண்ணு" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் வந்தவரை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்க வேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் வந்தவருக்கு அவமானம்தான். அதனால் கல்யாணங்களே நின்றிருக்கின்றன.

பதினொரு மணிக்குத்தானே என்று ஒரு ஆட்டம் போட உட்கார்ந்தேன். பெரியப்பா அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

அந்த நேரம் என் அணியில் நால்வரும் செத்து, நான் ஒருவன்தான் மிச்சம். எதிரில் இரண்டு பேர். "அசையாதடா, அசையாத" என்று நண்பன் ஹெட்போனில் கத்தினான். மானிட்டரின் ஓரத்தில், எனக்குப் பின்னால் அறைவாசலில் நிற்கும் வெள்ளை வேட்டி பிரதிபலித்தது. இன்னும் நாற்பது நொடி. நாற்பது நொடிக்கெல்லாம் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

அவர் வந்ததே தெரியாது என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். தெரிந்துதான் திரும்பாமல் இருந்தேன். வேட்டி அங்கேயே நின்றது. கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. ஒருவனைச் சுட்டேன். வேட்டி நகர்ந்தது. இரண்டாமவனையும் சுட்டேன்.

நண்பர்களின் கூச்சலோடு ஹெட்போனைக் கழற்றியபோது வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் சொம்புத் தண்ணீர் தொடாமல் இருந்தது. கச்சாயத் தட்டும் அப்படியே. அப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பையன் பெரிய வேலையா இருக்கறானாட்ட இருக்குது, இன்னொரு நாளைக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு போயிட்டாரு."

திட்டியிருந்தால் தேவலை. அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் சோமனூருக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்பதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். பெரியப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். சின்ன வயதிலிருந்து என்னை "வாடா கண்ணு" என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"வாங்க தம்பி. உக்காருங்க" என்றார்.

கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் பேசுவது போல இருந்தது. அவரே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்தேன். நான் கிளம்பும்வரை அவர் உட்காரவே இல்லை.