தட்டோடு மேலே போனோம்

புதிய பணிப்பாளர் வந்த முதல் வாரத்தில் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டி, "இந்த ஹோட்டலில் நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அறைகளைத் துப்புரவு செய்யும் பகுதிக்கு நான் அப்போதுதான் பொறுப்பாளராகியிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் என் கைகள் மடியிலேயே கிடந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

"எனக்கு வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. இங்கே நான் வேலைக்கு வருகிறேன். வேலை செய்கிறவர்கள் என்று எங்களை மதித்தால் போதும்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

திமிரால் சொல்லவில்லை என்று இப்போது எழுதினால் பொய்யாகிவிடும். திமிரும் இருந்தது. ஆனால் குடும்பம் என்ற சொல்லை அந்த ஹோட்டலில் முன்பும் கேட்டிருந்தேன். அது எனக்குத் தேவைப்பட்ட நாளில் எங்கே போனது என்றும் பார்த்திருந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்தவள். சோலோதுர்னில் படித்து, ஹோட்டல் தொழில் பழகி, துன் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் இந்த ஹோட்டலில் அறைப் பெண்ணாகச் சேர்ந்தேன். 2009 வைகாசியில், வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்களில், நான் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை அங்கேதான் இருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. சோலோதுர்னிலிருந்து அம்மா அழைக்கும்போதெல்லாம் ஏப்ரனுக்குள் கைபேசி அதிரும். அறையின் குளியலறைக்குள் நின்று கேட்பேன். அம்மா கதைக்கமாட்டார், அழுவார். அப்போதிருந்த பொறுப்பாளர் ஒருநாள் என்னை நடைவழியில் நிறுத்தி, "விருந்தினர்கள் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். இந்த முகத்தை அவர்களுக்குக் காட்டாதீர்கள்" என்றார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. வரவேற்பு மேசையில் நின்றவர்களும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேட்டவர் ஒருவர் மட்டுமே. என்னோடு அதே மாடியில் வேலை செய்த போர்த்துகேயப் பெண். என்னைவிட வயதில் மூத்தவர். அவருடைய ஜெர்மன் என்னுடையதில் பாதிகூட வராது. ஆனால் எங்களுக்குள் வேறொரு மொழி இருந்தது. நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் எனக்குள்ளேயே தமிழில் புறுபுறுத்தபடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மேசா?" என்றார். பிறகு இருவரும் அறை முழுக்கச் சுற்றி வந்தோம். கதிரை, யன்னல், துவாய், அலுமாரி, சாவி. எல்லாம் அவர்களுடைய சொற்கள்தான். அவர்களுடைய முன்னோர் எங்கள் ஊரை ஆண்டபோது விட்டுவிட்டுப் போனவை. "உங்கட ஆக்கள் கோயில்களை இடிச்சுப்போட்டு அலுமாரியைத் தந்திட்டுப் போயிருக்கினம்" என்று நான் சொல்ல, அதை ஜெர்மனில் விளங்க வைப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த வைகாசியில் அவர் என்னுடைய துப்புரவு வண்டியை என் கையிலிருந்து பிடுங்கினார். "நீ போ. அம்மாவோடு பேசு. உன் அறைகளை நான் பார்க்கிறேன்" என்றார். தன் அறைகளையும் முடித்து என்னுடையவற்றையும் முடித்தார். யாரும் கேட்டால் நான் கீழே சலவையில் நிற்பதாகச் சொன்னார். சின்னம்மா ஒரு முகாமில் இருக்கிறார் என்று தகவல் வர வாரக்கணக்காகியது. அவ்வளவு நாளும் அந்தப் பெண் தினமும் காலையில் கேட்டார்: "செய்தி வந்ததா?"

பிறகு யார் வந்து எனக்குக் குடும்பம் என்று பாடம் எடுத்தாலும் என் கைகள் தட்ட எழவில்லை.

புதிய பணிப்பாளர் கெட்டவர் இல்லை. வேலை செய்கிறவர்கள் மகிழ்ச்சியாக இருந்தால் விருந்தினர் திரும்பி வருவார்கள் என்று எங்கேயோ படித்திருந்தார், அதை நம்பவும் செய்தார். அதற்காகச் சூரிச்சிலிருந்து ஒரு பயிற்றுநரை அழைத்தார். அந்தப் பயிற்சி எங்களுடைய சிம்மர்ஸ்டுண்டேயில் நடக்கும் என்று அறிவித்தார். மத்தியான வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்துக்கு இங்கே அந்தப் பெயர். காலை முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர்கள் கால் நீட்டிப் படுக்கும் நேரம் அது.

முதல் தடவை போனோம். எங்களைக் குழுக்களாகப் பிரித்து, சமைக்காத ஸ்பகெட்டியால் கோபுரம் கட்டச் சொன்னார் பயிற்றுநர். குசினியில் கோப்பை கழுவும் அண்ணை எங்கள் ஊர்க்காரர். வந்து பல வருடமாகியும் விசாவை நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பவர். அவர் ஒரு ஸ்பகெட்டியைக் கையில் பிடித்தபடி என் காதில், "தங்கச்சி, இதை அவிக்கிறதோ, அடுக்கிறதோ?" என்று கேட்டார். எங்கள் கோபுரம் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். பிறகு வரவேற்புப் பகுதியினர் தங்கள் வழியே மேலே போனார்கள், நாங்கள் எங்கள் வழியே கீழே போனோம்.

இரண்டாவது தடவை நான் என் ஆட்களை அனுப்பவில்லை. பணிப்பாளர் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"இது வேலையென்றால் வேலை நேரத்தில் வையுங்கள். வேலையில்லையென்றால் வரச் சொல்லாதீர்கள்."

"மற்றவர்கள் சந்தோஷமாக வருகிறார்களே?"

"மற்றவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்."

"நீங்கள் எதையும் எதிர்மறையாகவே பார்க்கிறீர்கள்" என்றார். "அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள், ஒரு குழுவை எப்படி உருவாக்குவது?"

அடுத்த நாள் செய்து காட்டினேன்.

அந்த ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் சாப்பிட்டார்கள். வரவேற்பு, அலுவலகம், பரிமாறுகிறவர்கள் எல்லாம் முதலாம் மாடியில், ஏரி தெரியும் ஒரு சிறிய அறையில். அறைப் பெண்களும் கோப்பை கழுவுகிறவர்களும் நிலக்கீழ் தளத்தில், சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்தில், யன்னலே இல்லாத அறையில். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. எப்போதும் அப்படித்தான் என்பதால் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"இண்டைக்கு மேல போய்ச் சாப்பிடுவம்" என்றேன்.

போர்த்துகேயப் பெண் உடனே தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அண்ணை அசையவில்லை.

"எங்களுக்கு என்னத்துக்குத் தங்கச்சி மேல? இஞ்ச ஆறுதலாச் சாப்பிடலாம். உமக்கேன் இந்த வேலை?"

"மேல வெளிச்சம் இருக்கு அண்ணை. நீங்கள் வாறியளோ, இல்லையோ?"

"நான் பிறகு வாறன்" என்றார். வரவில்லை.

நாங்கள் தட்டோடு மேலே போனோம். கதவைத் திறந்ததும் உள்ளே கதை நின்றது. கணக்காளர் தன் கைப்பையைப் பக்கத்துக் கதிரையிலிருந்து எடுக்க மறந்தவர்போல இருந்தார். நான் அந்தக் கதிரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், அவர் எடுக்கும்வரை. பிறகு, சாப்பிடும் முன் இங்கே எல்லோரும் சொல்வதுபோல "குட்டன் அப்பெட்டிட்" என்று சொல்லி உட்கார்ந்தேன். வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் பெண் ஒருத்தி, ஊர் பேர்ன் பக்கம், போர்த்துகேயப் பெண்ணுக்குத் தண்ணீர்ச் சாடியை நகர்த்திக் கொடுத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது. மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். கணக்காளர் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து தன் அலுவலகத்திலேயே சாப்பிடத் தொடங்கினார். அது அவர் விருப்பம். ஒரு மழை நாளில் அண்ணை தட்டோடு வாசலில் வந்து நின்று, "கீழ மெஷின் சரியான இரைச்சல்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த மேசையில்தான் ஒரு விருந்தினரைப் பற்றிய கதை வெளியே வந்தது.

ஒவ்வொரு கோடையும் வந்து தங்கும் ஒருவர். பணிப்பாளர்கள் மாறினாலும் அவருக்கான அறை மாறாது. அறை துப்புரவாக்கும் நேரத்தில் வெளியே போகமாட்டார். துவாயைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறப்பார். நாங்கள் உள்ளே போனதும் கதவைத் தானே சாத்துவார். குளியலறை வாசலில் வழி விடாமல் நிற்பார். எங்கள் பெண்கள் அதை யாரிடமும் முறையிடாமல், அந்த அறையைத் தங்களுக்குள் முறை வைத்துச் செய்துவந்தார்கள். ஒருத்திக்கே தினமும் விழாதிருக்கட்டும் என்று. அன்று போர்த்துகேயப் பெண் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று காலையில் அந்த விருந்தினர் அவருடைய கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

வரவேற்புப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். "இரவில் நான் வரவேற்பு மேசையில் நிற்கும்போது எனக்கும் அவர் தொலைபேசி எடுப்பார். என்ன கேட்பார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றி இத்தனை நாள் இரண்டு மாடிகளில் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"நாளையிலிருந்து அந்த அறைக்குள் யாரும் போக வேண்டாம்" என்றேன். "துவாய்களைக் கதவுக்கு வெளியே வைப்போம்."

"நானே அவருக்கு அழைத்துச் சொல்கிறேன்" என்றாள் வரவேற்புப் பெண். சொன்னபடியே செய்தாள்.

அடுத்த நாள் காலையிலேயே பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. விருந்தினர் கொதித்துப்போயிருப்பதாகவும், நான் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அவர் பல வருடங்களாக வருகிறவர்" என்றார்.

"அப்படியென்றால் பல வருடங்களாக இது நடந்திருக்கிறது."

"நீங்கள் மன்னிப்புக் கேட்டால் இது இன்றோடு முடிந்துவிடும்."

"கேட்கமாட்டேன்."

"அப்படியென்றால் சாவியைத் தந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்."

எல்லா அறைகளையும் திறக்கும் சாவி என் இடுப்பில் இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். ஆனாலும் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். கதவு திறந்தே இருந்தது. வெளியே காத்திருந்த போர்த்துகேயப் பெண் உள்ளே வந்து தன் சாவியை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். "ஷாவி" என்றார் பணிப்பாளரைப் பார்த்து, தன் மொழியிலேயே. அவருக்குப் பின்னால் வரவேற்புப் பெண் வந்து நின்றாள். "அழைத்துச் சொன்னது நான். என்னையும் அனுப்புங்கள்" என்றாள்.

வேறு யாரும் வரவில்லை. குசினித் தலைவர் வரவில்லை. பரிமாறுகிறவர்களும் வரவில்லை. அண்ணை நடைவழியின் கோடியில் ஈரக் கையோடு நின்றதை நான் கண்டேன். காலையிலேயே அவர் என்னிடம், "தங்கச்சி, எனக்கு விசா புதுப்பிக்க வேணும், என்னை இதுக்குள்ள இழுக்காதையும்" என்று சொல்லியிருந்தார். நான் இழுக்கவில்லை. ஆனால் அவர் அங்கே நின்றார், நான் கண்ணால் போகச் சொல்லியும் போகாமல்.

ஹோட்டலில் ஒரு அறைகூட மிச்சமில்லாத கோடைக்காலம் அது. பணிப்பாளர் மேசையில் கிடந்த சாவிகளைப் பார்த்தார், யன்னலால் ஏரியைப் பார்த்தார். கடைசியில் சாவிகளை எங்கள் பக்கம் தள்ளி, "வேலைக்குப் போங்கள்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் திரும்ப எடுக்கவில்லை. அதைவிட எனக்கு நினைவில் நிற்பது, அன்று மத்தியானம் அவரே அந்த விருந்தினரின் கதவைத் தட்டியது. என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அந்த மனிதர் பெட்டியோடு வாடகைக் காரில் ஏறினார். அடுத்த கோடையில் வரவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். குசினித் தலைவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நல்ல விருந்தினரை நான் விரட்டிவிட்டேன் என்று எங்கள் பெண்களிலேயே ஒருத்தி சொல்லித் திரிந்தாள். வரவேற்புப் பெண் அந்தப் பருவம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆனால் நிலக்கீழ் அறை மறுபடி சாப்பாட்டு அறையாகவில்லை. அதில் இப்போது உடைந்த கதிரைகள் கிடக்கின்றன.

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு எங்கள் ஏரிக்கரையில் பல ஹோட்டல்களுக்கு ஆட்கள் திரும்பவில்லை. எங்கள் அறைப் பகுதியில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அது எப்படி என்று விளக்கப் பணிப்பாளரை ஹோட்டல்காரர்களின் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தார்கள். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில், "அந்த விருந்தினரின் கதை மட்டும் வேண்டாமே" என்றார்.

நான் மேடையேறி அதைத்தான் முதலில் சொன்னேன். முன்வரிசையில் சிலர் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அப்படியொரு விருந்தினர் இருந்திருப்பார். காரில் திரும்பும்போது பணிப்பாளர், "ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"எப்படித் திரும்பி வந்தார்கள் என்று கேட்டார்கள். சொன்னேன்."

மறுநாள் காலை ஒரு புதிய பெண் வேலைக்குச் சேர்ந்தாள். எரித்திரியாவிலிருந்து வந்தவள், ஜெர்மன் தட்டுத்தடுமாறிப் பேசினாள். துவாய் மடிக்கக் காட்டுவதற்கு முன் அவளை நடைவழிக்குக் கூட்டிச் சென்றேன்.

"அறைக்குள் வேலை செய்யும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்று பட்டால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வா" என்றேன். "காரணம் பிறகு சொல்லலாம். சொல்லாமலும் விடலாம்."

அவள் விளங்கிக்கொண்டாளா என்று தெரியாமல் இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னேன்.