தெய்வானை அக்காவுக்கு ஒரு சோகமும் இல்லை

போன மாதம் ஒரு காலை நேரம். துடியலூரில், நடுரோட்டில் வைத்து ஒரு அம்மா என்னைத் திட்டினார்.

"ஏனுங்க... ஹெல்மெட்டுக்குள்ள கண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

கோயம்புத்தூரில் இது ஒரு வசதி. திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்கியதே அடுத்த சிக்னல் வந்த பிறகுதான் உறைக்கும்.

தப்பு என்னுடையதுதான். பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும் நேரம். மேட்டுப்பாளையம் ரோட்டின் குறுக்கே பிள்ளைகள் வரிசையாகக் கடந்துகொண்டிருந்தார்கள். வரிசை முடியட்டும் என்று நிற்கப் பொறுமையில்லாமல், வால் பக்கமாக ஸ்கூட்டரை நுழைக்கப் பார்த்தேன். அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்கிறீர்களா? ஒரு கம்பெனியில், 'மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி?' என்று நான் பேச வேண்டியிருந்தது.

சிரிக்காதீர்கள். பிழைப்பு அப்படி.

அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட காட்டன் சேலை. காலில் வெள்ளை ஷூ. கொடி இல்லை, விசில் இல்லை. வெறும் உள்ளங்கைதான். அதை உயர்த்தினால் டவுன் பஸ் நிற்கிறது, மணல் லாரி நிற்கிறது. நான் எந்த மூலைக்கு?

சாயங்காலம் அதே வழியாகத் திரும்பினேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அதே அம்மா, அதே உள்ளங்கை. ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, கூட்டம் கலைகிற வரை எதிரே இருந்த பேக்கரியில் காத்திருந்தேன். அவர் டீ குடிக்க வந்ததும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன்.

"அட, உடுங்க தம்பி. தெனமும் நாலு பேரையாச்சும் திட்டறேன். யாரு மூஞ்சி ஞாபகமிருக்குது!"

பெயர் தெய்வானை. பிறந்த ஊர் அன்னூர் பக்கம். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டையரானவர். இரண்டு வருடமாகக் காலையிலும் மாலையிலும் இங்கே நின்று பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைக்கிறார். யாரும் சொல்லவில்லை. யாரும் சம்பளம் தருவதில்லை.

"எதுக்குங்கக்கா இதைச் செய்யறீங்க?"

"புடிச்சிருக்குதுங்க."

"அது சரிங்க... ஆனா எதனால ஆரம்பிச்சீங்க?"

"புடிச்சுதுங்க. ஆரம்பிச்சுட்டேன்."

மேடைப் பேச்சோடு பத்திரிகையில் பத்தியும் எழுதுகிறவனுக்கு இந்தப் பதில் போதுமா? குரலைத் தாழ்த்திக்கொண்டேன். முகத்தில் கொஞ்சம் துக்கத்தையும் வரவழைத்துக்கொண்டேன்.

"ஊட்டுல யாருக்காச்சும்... இந்த ரோட்டுல... ஏதாச்சும்...?"

தெய்வானை அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே! ஊட்டுக்காரரு இந்நேரம் டிவி முன்னால உக்காந்திருப்பாரு. பையன் ஐ.டி. கம்பெனிக்குப் போறான். போன வருசந்தான் கல்யாணமாச்சு. மருமகளும் நல்ல புள்ள. ஏனுங்க?"

வரவழைத்த துக்கத்தை அவசரமாகத் துடைத்துவிட்டு, இன்னொரு டீ சொன்னேன்.

பிறகு அவராகவே சொன்னார். ரிட்டையரானதும் மகன் கார்த்தி, "முப்பது வருசம் ஓடினது போதுமுங்கம்மா, இனிமே கம்முனு உக்காருங்க" என்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறான். பட்டனை அழுத்தினால் கால் தானாக மேலே வரும். சமையலுக்கும் ஆள் வைத்துவிட்டான். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பிள்ளை?

"கம்பெனி பஸ்ஸு வர்ற நேரமாச்சுன்னா காலு தன்னால செருப்பைத் தேடுமுங்க. ஒரு நாளு பால்காரரு ரெண்டு நிமிசம் நின்னு பேசிட்டுப் போனாரு. பொழுதுக்கும் அதையே நெனச்சுட்டிருந்தேன். அடுத்த நாளு அவரு எப்ப வருவாருன்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். அப்பத்தான் எனக்குப் பயம் வந்துபோச்சு."

ஆறு மாதம் அப்படியே ஓடியிருக்கிறது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். அவள் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட அக்கா போயிருக்கிறார். ரோட்டைக் கடக்க முடியவில்லை. வண்டி மேல் வண்டி. அந்தப் பக்கம் போக வேண்டிய பிள்ளைகள் இன்னும் பத்துப் பேர் இவருக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். பெல் அடிக்கிற நேரம். பொறுத்துப் பார்த்தவர், கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார்.

"ஒரு பஸ்ஸு நின்னுபோச்சுங்க தம்பி! கம்பெனில நான் சொல்லி ஒரு மிசினுகூட நின்னதில்லீங்க. என் கையைப் பாத்து இத்தாச்சோடு பெரிய பஸ்ஸு நிக்குது!"

சொல்லும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது. அக்கா அப்படியும் போனார்.

இதோடு நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வெறும் 'புடிச்சிருக்குது' என்பதற்காக ஒருவர் இரண்டு வருடம் வெயிலில் நிற்பாரா? உள்ளே ஏதோ இருக்கிறது, மறைக்கிறார் என்றே நினைத்தேன். சரியாக அதே வாரம், ஒரு சேவை சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். விழாவில் கௌரவிக்க ஒரு எளிய மனுஷி வேண்டும், யாரையாவது சொல்லுங்கள் என்றார். தெய்வானை அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"பின்னணி என்னங்க சார்?"

'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. ஏதோ பெரிய சோகம் இருக்கும் போலங்க..."

நான் விட்ட இடத்தைச் செயலாளர் நிரப்பிவிட்டார். நாலாவது நாள் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. ரோட்டில் கையைத் தூக்கி நிற்கிற அக்காவின் போட்டோ. அதன் கீழே — 'விபத்தில் மகனைப் பறிகொடுத்தும், ஊர்ப் பிள்ளைகளைக் காக்கும் வீரத்தாய்!' அதற்கும் கீழே, வாழ்த்துரை: என் பெயர்.

அது ஊரெல்லாம் சுற்றி, அவர்களுடைய குடும்பக் குரூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. ஆபீஸில் உட்கார்ந்து தான் இறந்த செய்தியைத் தானே படித்தான் கார்த்தி. அன்னூர் அத்தை போன் போட்டு, "எப்படா கண்ணு இது நடந்துச்சு?" என்று ஓவென்று அழுதிருக்கிறார். அந்த போனை எடுத்ததும் அவனேதான்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கார்த்திதான் கதவைத் திறந்தான்.

"வாங்க சார். உக்காருங்க. டீ சாப்புடறீங்களா, காபியா? என்னையக் கொன்னுபோட்டு வந்திருக்கீங்க. வெறும் வயித்தோட அனுப்ப முடியாதுங்களே."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சோகம் என்ற வார்த்தையைப் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். கார்த்தியின் கோபம் என்னை விட்டு அம்மாவின் பக்கம் திரும்பியது.

"இதுக்குத்தானுங்கம்மா அப்பவே சொன்னேன். 'பையன் சோறு போடறதில்ல போல, ரோட்டுல வந்து நிக்குது'ன்னு ஏற்கெனவே பேசிட்டிருந்தாங்க. இப்பப் பையனே இல்லைன்னுட்டாங்க. போதுமுங்கம்மா. நாளையிலிருந்து போக வேண்டாம்."

"போகாம?"

"ஊட்டுல இருங்க. எதுல குறை வெச்சோம் சொல்லுங்க? நாங்க உங்களை நல்லாப் பாத்துக்கலீங்களா?"

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு இது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை. இத்தனை செய்தும் அம்மாவின் சந்தோஷம் வீட்டுக்குள் இல்லையே என்ற வலி.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெம்ப நல்லாப் பாத்துக்கற கண்ணு. அதுல ஒரு குறையுமில்ல. ஆனா... நான் பாத்துக்கறதுக்குன்னு எனக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கற?"

டீ கொண்டுவந்த மருமகள் பவித்ரா, டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டார்.

அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் பழனிசாமி, ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார்.

"அவ அந்தச் சேர்ல உக்காந்திருந்த ஆறு மாசம், நீ ஆபீஸ்ல இருந்த கார்த்தி. நாந்தான் எதுத்தாப்புல இருந்தேன். பாத்துட்டிருந்தேன்." ரிமோட்டைக் கீழே வைத்தார். "இன்னொருக்கா அதைப் பாக்கறதுக்கு என்னால ஆவாது."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. விழாவை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எதுக்குங்க நிறுத்தோணும்?" என்றார் அக்கா. "நான் வாரேன். இவனும் வருவான்."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஹால். வாசகத்தைத் திருத்தச் சொல்லிச் செயலாளரிடம் இரண்டு முறை பேசியிருந்தேன். "பண்ணிரலாங்க சார்" என்றவர், வாட்ஸ்அப் அழைப்பிதழை மட்டும் திருத்தியிருந்தார். மேடையில் பேனர் ஏற்கெனவே பிரிண்ட் ஆகிவிட்டதாம்! அக்காவின் தலைக்கு மேலே, ஆளுயர எழுத்தில், மகனைப் பறிகொடுத்த அதே வீரத்தாய். முன்வரிசைப் பெண்கள் சிலர் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார்கள்.

மைக் அக்காவின் கைக்கு வந்தது.

"கார்த்தி... எந்திரி கண்ணு."

மூன்றாவது வரிசையில் அவன் கூச்சத்தோடு எழுந்தான்.

"இதுதானுங்க அந்தப் பையன். காலைல ஆறு இட்லி சாப்புட்டான்."

ஹாலே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"அழுகோணும்னு வந்திருக்கீங்க. ஏமாத்திப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க. எனக்கு ஒரு சோகமும் இல்லீங்க. சந்தோசமா இருக்கறதுக்குத்தான் நான் அங்க போயி நிக்கறேன். இங்க எத்தனையோ பேரு காலைல ஷட்டில் ஆடறீங்க, சாயங்காலம் சீட்டாடறீங்க. உங்களை யாராச்சும், 'ஊட்டுல ஏதாச்சும் ஆச்சுங்களா'ன்னு கேக்கறாங்களா? ஒரு பொம்பள, இந்த வயசுல, சந்தோசமா இருக்கோணும்னா... அதுக்கு ஊட்டுல ஒரு எழவு விழுந்திருக்கோணுமுங்களா?"

மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த நான், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லா நாளும் போகோணும்னு தோணாதுங்க. மழை பேஞ்சா எனக்கும் காலு எந்திரிக்காது. அப்பறம் எப்படிப் போறீங்கன்னு கேட்டா... போயிருவேன், அவ்வளவுதான். போயி நின்னு, மொதப் புள்ளை வந்து கையப் புடிச்சா, அதுக்கப்பறந்தான் நல்லாயிருக்கும். சந்தோசம் வந்தொடனே போலாம்னு உக்காந்திருந்தீங்கன்னா, அது வாரதே இல்லீங்க. நாம மொதல்ல போகோணும். அது பின்னாலதான் வரும்."

கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. கார்த்தி உட்கார மறந்து அப்படியே நின்றிருந்தான்.

அடுத்து என் முறை. அவனைப் பார்த்து மேடையிலேயே மன்னிப்புக் கேட்டேன். வேறு எதுவும் பேசவில்லை. நான் பேசியதிலேயே சின்ன பேச்சு அதுதான். நல்ல பேச்சும் அதுதான் என்று என் மனைவி சொல்கிறார்.

சால்வையை அக்கா மறுப்பார் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மயில்கழுத்துக் கலரு... நல்லா இருக்குதுங்க" என்று அங்கேயே போர்த்திக்கொண்டும் பார்த்தார்.

கார்த்தி ஒரே நாளில் மாறிவிட்டான் என்று எழுதினால் அது பொய். இன்னமும் அவனுக்கு அரைச் சம்மதம்தான். ஆனால் ஆபீஸ் போகிற வழியில் அந்த பேக்கரி முன்னால் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துகிறான். "லாரி வந்தா ஒரு எட்டு பின்னால நில்லுங்கம்மா" என்று கத்துகிறான். ராத்திரி வண்டி வெளிச்சத்தில் பளபளக்குமே, பச்சை ஜாக்கெட், அதில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். சேலைக்கு மேட்சாகவில்லை என்று புலம்பிக்கொண்டே அக்கா போட்டுக்கொள்கிறார்.

அந்த விழாவிலிருந்து நான் இதையே யோசிக்கிறேன். சந்தோஷத்துக்கு ஏன் நாம் இப்படி சர்ட்டிஃபிகேட் கேட்கிறோம்? ஒருவர் தினமும் ஒரு வேலையை ஆசையாகச் செய்தால், அதற்கு அடியில் ஒரு காயம் இருந்தே ஆக வேண்டுமா? கண்ணீர் கலந்திருந்தால் 'சேவை' என்கிறோம். கலக்காவிட்டால், 'வேற வேலை இல்லை போல' என்கிறோம். வயதான ஒரு பெண் என்றால் கேட்கவே வேண்டாம். உட்காரச் சொல்கிறோம். உட்கார்ந்தால்தான் நமக்கு நிம்மதி. அவர்களுடைய நிம்மதியைப் பற்றி யார் கேட்டது?

உட்கார மாட்டேன் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதுவும் பாசத்தோடு நீட்டப்பட்ட நாற்காலியில்!

ஆகவே மக்களே... யாராவது சோகமாக இருந்தால், என்ன ஆச்சு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யாராவது சந்தோஷமாக இருந்தால், ஒன்றும் கேட்காதீர்கள். கொஞ்சம் வழி விடுங்கள், போதும்.