மாடம்மாளின் வெள்ளைத் தாள்

ஒரு மனுஷனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்றால் அவன் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? கரமனை நாகேஸ்வரனுக்கு அந்த ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா அவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்து கொத்து வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிற ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சர்க்கார் காகிதத்து மலையாளம் அவர்களுக்கு ஓடாது. ரேஷன் கார்டோ, போலீஸ் கேஸோ, காலி பண்ணச் சொல்லும் நோட்டீஸோ, எதுவானாலும் நாகேஸ்வரன்தான் மனு எழுதுவார். காலணா வாங்கமாட்டார். எட்டு வருஷமாக இப்படி. அதற்காகத்தான் தமிழர் நலச் சங்கத்துக்காரர்கள் அந்த ஞாயிறு சாயந்திரம் பள்ளிக்கூட ஹாலில் அவரைக் கௌரவிப்பது என்று முடிவு செய்தார்கள். செயலாளர் சுந்தரராமன் அவசரக்காரர், நோட்டீஸே அடித்துவிட்டார்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தாளைக் காணோம்.

அது என்ன அப்பேர்ப்பட்ட தாள் என்று சொல்ல வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொரு மனுவுக்கும் கைநாட்டு வைக்கக் கூப்பிட்டால் அவர்களுக்கு அன்றைய வேலை போச்சு. அதனால் நாகேஸ்வரன் அவர்கள் முதன்முதலில் வரும் நாளே நாலைந்து வெள்ளைத் தாளின் அடியில் அவர்கள் கட்டைவிரலை உருட்டி வாங்கி வைத்துக்கொள்வார். தேவைப்படும்போது மேலே எழுதிக்கொள்வார். இது முறையில்லை என்று ஒரு குமாஸ்தாவுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று ஓர் அசட்டுத் தைரியம்.

காணாமல் போனது மாடம்மாளின் தாள். அவள் ஒரு சித்தாள். புருஷன் செத்துப்போய்விட்டான், இரண்டு பெண்கள். ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் பதினைந்து வருஷமாகக் குடிசை போட்டு இருக்கிறாள். இப்படிக் குடிகிடப்பவர்கள் அந்த இடத்தில் மூன்று சென்ட் வரை தங்கள் பேருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. நாகேஸ்வரன் அவளுக்காக லேண்ட் டிரிப்யூனலில் மனுப் போட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. அவள் கைநாட்டு வைத்த தாள் நாலு மிச்சம் இருக்க வேண்டும். பையில் மூன்றுதான் இருந்தது.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். என்னாக்கும் இப்படித் தேடறேள் என்று மனைவி விஜயலக்ஷ்மி கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தார். குளிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் தம்பானூர் டைப்பிங் கடையில் அவர் பையைத் திறந்து காகிதங்களை வெளியே எடுத்து வைத்தபோது பக்கத்துப் பெஞ்சில் வேலப்பன் உட்கார்ந்திருந்தான். தோப்பு முதலாளியின் காரியஸ்தன். சாமிக்குப் பொன்னாடையாமே என்று பல்லைக் காட்டிக்கொண்டு விசாரித்தான்.

அவன் எடுத்திருப்பானோ? அந்தக் கட்டைவிரலுக்கு மேலே, 'இந்தக் குடிசையை நானே மனசாரக் காலி செய்து கொடுத்தேன்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ரேகை அவளுடையது. யார் இல்லை என்று சொல்ல முடியும்?

வக்கீலிடம் சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். மாடம்மாளிடம் சொன்னால் பொன்னாடை போகும், அதைவிட மானம் போகும். புதன்கிழமை டைப்பிங் கடைக்குப் போய்க் கெஞ்சினார். டைப் அடிக்கும் அம்மிணி பாவம், குப்பைக்கூடையைக் கவிழ்த்தே காட்டினாள். இல்லை. வெள்ளிக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு, பட்டம் என்கிற பேட்டையில் மாடம்மாள் சிமெண்ட் சட்டி தூக்கும் இடத்துக்கே போய் நின்றார். அவள் ஓடி வந்தாள். மேடையில் அவள்தான் அவருக்கு மாலை போட வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். பக்கத்துக் குடிசையில் நல்ல சேலை ஒன்று கேட்டு வைத்திருக்கிறாளாம். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். வழியெல்லாம் தன்னையே கோழை, கோழை என்று திட்டிக்கொண்டார். திட்டி என்ன பிரயோஜனம்?

ஞாயிறு சாயந்திரம் ஹால் நிரம்பிவிட்டது. வராந்தாவில் மாடம்மாள் ஊதா நிறச் சேலையில் மாலையும் கையுமாக நின்றாள். நாகேஸ்வரன் மேடைப்பக்கம் போகவில்லை. அவளைப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"மாடம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ கைநாட்டு வச்ச வெள்ளைத் தாள் ஒண்ணு தொலைஞ்சு போச்சு. தோப்புக்காரா கையில அது கிடைச்சா, நீயே எழுதிக் குடுத்த மாதிரி என்ன வேணும்னாலும் எழுதிக்கலாமாக்கும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் சொல்லாதத நான் சொன்னேன்னு ஆக்கிருவாங்க. அப்படித்தான சாமி?"

"ஆமாம்."

"நீங்க எளுதுனதுல என்ன இருக்குன்னும் எனக்குத் தெரியாதே."

நாகேஸ்வரன் பையைத் திறந்து மனுவின் நகலை எடுத்து, மலையாளத்தைத் தமிழாக்கி, நின்ற இடத்திலேயே வாசித்தார். பேர் சரி. புருஷன் பேர் சரி. பதினைந்து வருஷம், சரி. குடிசை கிணற்றுக்கு வடக்கே என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வடக்கயா? அது எரிஞ்சு போச்சுல்லா. நாலு வருசமா தெக்கதான கெடக்கோம்."

"நீதானே வடக்கேன்னு சொன்னே?"

"வந்த புதுசுல எங்க குடிசை போட்டன்னு கேட்டீய. சொன்னேன்."

எட்டு வருஷத்தில் ஒரு மனுக்காரர் குடிசையைக்கூட அவர் போய்ப் பார்த்ததில்லை. எழுதியதை ஒருவருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. உள்ளே மைக்கில் அவர் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து, இடத்தைத் திருத்தி வேறு மனு எழுதினார். இன்னொரு தாளில், வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கியதும் அதில் ஒன்றைத் தொலைத்ததும் தன் குற்றம் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டையும் இரண்டு தடவை அவளுக்கு வாசித்துக் காட்டின பிறகுதான் மனுவில் அவள் கைநாட்டுக்கு மையை எடுத்தார். மிச்சமிருந்த மூன்று தாளையும் அவள் கண் முன்னாலேயே கிழித்தார்.

சுந்தரராமன் பதறிப்போய்த் தேடி வந்து அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பொன்னாடை போர்த்தினார்கள். ஏழைகளின் குரல் என்றார்கள். மாடம்மாள் மாலை போட்டாள். நாகேஸ்வரன் எதிரே பார்த்தார். அறுபது எழுபது பேர். அத்தனை பேர் கட்டைவிரலும் அவரிடம் இருந்தது. அவர்களுக்கு என்னென்ன எழுதி வைத்திருக்கிறோமோ? அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள், உங்கள் மனுவை வாசித்துக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை காலையில் வக்கீல் இரண்டு தாளையும் படித்தார். உன் வேலையைப் பற்றிச் சாயந்திரம் பேசலாம் என்று கடுகடுப்பாகச் சொல்லிவிட்டுத் தானே எடுத்துப்போய்த் தாக்கல் செய்தார்.

விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தபோது நாகேஸ்வரனின் கண் வேலப்பன் மடியிலிருந்த காகிதக் கட்டின் மேலேயே இருந்தது. அதிலிருந்து வந்தது ஒரு வரைபடம். கிணற்றுக்கு வடக்கே குடிசையே கிடையாது, மனுக்காரி சொல்வது முழுப் பொய் என்றார் வக்கீல். அவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்தது. இடத்தைத் திருத்திக் காலையிலேயே மனு வந்துவிட்டதே என்று அதிகாரி அதைத் தூக்கிக் காட்டினார். நேரில் வந்து பார்க்கத் தேதி கொடுத்தார். அதுவரை குடிசையை யாரும் தொடக்கூடாது என்றார். வேலப்பன் முகம் சுருங்கிப்போயிற்று.

வராந்தாவுக்கு வந்ததும் மாடம்மாள் என்ன பேசினார்கள் என்று கேட்டாள். நாகேஸ்வரன் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார்.

"அப்பம் அந்தத் தாள அவங்க எடுக்கவே இல்லையா சாமி?"

"தெரியலை மாடம்மா. எடுத்திருந்தாலும் அவாளுக்கு அது தேவைப்படலை. நான் எழுதினதே அவாளுக்குப் போதுமா இருந்தது."