வலது பின்சக்கரம்

என் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும், ‘பாவம், தம்பிக்காகப் படிப்பை விட்டிருக்கிறாள்’ என்று கேட்கிறவர்கள் தாங்களே கதையை முடித்துவிடுகிறார்கள். அவள் எனக்காக விடவில்லை. கணக்கு வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு விட்டாள். அந்தச் சண்டையில் நியாயம் தன் பக்கம்தான் என்று இன்றைக்கும் வாதாடுவாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிப் பிள்ளைகள் பதினாலு பேரை ஏற்றி இறக்கும் பழைய வேன் ஒன்றை வைத்திருக்கிறாள். வேனுக்குப் பத்தொன்பது வயது. அதன் ஹாரன் மனசு வந்தால் அடிக்கும். மற்ற நேரமெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி அவளே கத்துவாள். அதனால் தெருவில் அவள் பெயர் ‘ஹாரன்’. அதற்கு அவள் கோபித்துக்கொள்வதில்லை. "கம்பெனி ஹாரன் இத்தனை வருஷம் உழைக்குமா?" என்பாள்.

பள்ளி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்த வேன் ஆர்.டி.ஓ. மைதானத்தில் நடந்த தகுதிச் சான்றிதழ் சோதனையில் தோற்றது. பிரேக்கை மிதித்ததும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இன்ஸ்பெக்டர் தாளில் ‘பின் பிரேக்’ என்று எழுதினார். "நாலு மணிக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாம்மா. விட்டா அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுதான்."

மூன்று வாரம் யார் காத்திருப்பார்கள்? சான்றிதழ் இல்லாத வண்டி திங்கட்கிழமை முதல் வேண்டாம், வேறு வண்டி பார்த்து வைத்திருக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அந்த வேறு வண்டி, எங்கள் வேனைப் பார்க்கும் மெக்கானிக்கின் மச்சானுடையது.

மெக்கானிக்கை எங்கள் பக்கம் ‘டாக்டர்’ என்பார்கள். எந்த வண்டி வந்தாலும் அதன் நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார். சென்ற வருடம் இந்த வேனுக்குப் பின் பிரேக் மாற்றியவரும் அவர்தான். சோதனையிலிருந்து நேராக அவரிடம் போனோம். அன்றும் பெருமூச்சு விட்டார்.

"அச்சு வளைஞ்சிருக்கு தங்கச்சி. பிரேக் ஷூ மாத்தி பிரயோஜனமில்ல. பேசாம எனக்கே குடுத்துரு, இரும்பு விலைக்கு மேல போட்டுத் தர்றேன்."

"கழட்டிப் பாத்தியாண்ணே?"

"கழட்டணுமா? வர்ற நடையப் பாத்தாலே தெரியாதா?"

"நடையப் பாத்து அச்சு வரைக்கும் சொல்ற. என் ஆயுசு எவ்வளவுன்னும் சேத்துச் சொல்லிரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். வழியில் பின் பிரேக் ஷூ ஒரு செட் வாங்கினாள். வீட்டு வாசலில் நிறுத்தி, புடவைக்கு மேல் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

"நீ டயர் மாத்துவ, ஆயில் மாத்துவ. பிரேக் கழட்டினதே இல்லையே அக்கா" என்றேன்.

"இன்னைக்குக் கழட்டிட்டா நாளைக்கு இப்படிக் கேக்க மாட்டேல்ல? போய் கல்லை எடுத்துட்டு வா."

முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கியையும் அடியில் வைத்தாள். முதலில் இடது பக்கம். சக்கரம் வந்துவிட்டது. அதன் உள்ளே பிரேக்கை மூடியிருந்த டிரம் வரவில்லை. சட்டி அடிப்பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் திருப்புளியை விட்டு, ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினாள். உள்ளே கறுப்புத் தூசி. நான் ஊதப் போனேன். "மூக்குக்குள்ள போனா நல்லதில்ல" என்று தலையில் தட்டி, ஈரத்துணியால் துடைத்தாள்.

உள்ளே, டிரம்மை அழுத்தி வண்டியை நிறுத்தும் இரண்டு ஷூக்கள், அரைவட்டமாக, ஒன்றை ஒன்று பார்த்தபடி இருந்தன. ஒன்றின் மேல் பதித்திருந்த லைனிங் பட்டை குட்டை. மற்றதன் லைனிங் நீளம். குட்டை முன்பக்கமும் நீளம் பின்பக்கமும் நின்றன.

"பட்டதாரிக்குத் தகுந்த வேலை தர்றேன். போட்டோ எடு."

எடுத்தேன். ஸ்பிரிங் ஒன்று துள்ளிப்போய்ச் சாக்கடை ஓரம் விழுந்தது. "வரலாறு படிச்சவன்தானே, எங்க போச்சுன்னு ஆராய்ச்சி பண்ணு" என்றாள். மண்டியிட்டுத் தேடி எடுத்து வந்தேன். போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் புது ஷூக்களை மாட்டி, ஸ்பிரிங்குகளைக் குறட்டால் இழுத்துக் கொக்கியில் போட்டு முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியது. கட்டைவிரலில் ரத்தம். லைனிங்கில் பட்டுவிடக்கூடாதென்று கையை அவள் தூரமாகவே பிடித்துக்கொண்டாள்.

வலது பக்கம் திறந்தோம். அங்கே நின்றிருந்த குட்டை லைனிங் ரிவெட் ஆணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. நீளமானது புதிது போலவே இருந்தது. நான் போட்டோவை நீட்டினேன்.

"அதே மாதிரிதான் இருக்கு. இதுலயும் குட்டை நம்ம இடது கைப் பக்கம். பழசு இருந்தபடியே போட்டுரு, வேலை முடிஞ்சுது."

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து நின்றார். வேடிக்கை பார்க்கத்தான். "தம்பி சொல்றது சரி. குட்டை இடக்கை, நீளம் வலக்கை. என் பட்டறையில சேர்றவனுக்கு மொத பாடமே இதுதான்."

அக்கா குறட்டைக் கீழே வைத்தாள். எழுந்து வேனின் இடது பக்கம் போனாள். சக்கரத்தைப் பார்த்து நின்று இடது கையை நீட்டினாள். கை ஹெட்லைட்டைக் காட்டியது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். அதேபோல் நின்று அதே கையை நீட்டினாள். இப்போது அது பின்கதவைக் காட்டியது.

"அண்ணே, நீ அந்தப் பக்கம் உக்காந்தா உன் இடக்கை முன்னால இருக்கு. இந்தப் பக்கம் உக்காந்தா பின்னால இருக்கு. வண்டி உன் கையப் பாத்தா ஓடுது?"

"இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான் போடுறேன்."

"அப்ப இருபத்தஞ்சு வருஷமா நீ தொட்ட வண்டிக்கெல்லாம் வலது கால் நொண்டின்னு சொல்லு."

நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, பதினாலு பிள்ளைங்கள ஏத்துற வண்டி. அவர் அனுபவஸ்தர்" என்று மெல்லச் சொன்னேன்.

"அனுபவம் இதுல இருக்கு, பாரு." வலது பக்கத்து இரண்டையும் கழற்றி, நான்கு பழைய ஷூக்களையும் தரையில் வரிசையாக வைத்தாள். "இடது பக்கம் பின்னால நீளம் இருந்துச்சு, ரெண்டும் நிதானமாத் தேஞ்சிருக்கு. வலது பக்கம் பின்னால குட்டை இருந்துச்சு, இரும்பு தெரியத் தேஞ்சுபோச்சு. முன்னால நின்ன நீளம் சும்மா நின்னிருக்கு. மிதிக்கிறப்ப பாரமெல்லாம் பின் ஷூவுக்குத்தான் போகுது. அதனாலதான் கம்பெனிக்காரன் அதுக்கு நீளமா வச்சிருக்கான். நீ சொன்ன அச்சு நேராத்தான்ணே இருக்கு."

டாக்டர் ஷூக்களைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை. "நானும் மைதானத்துக்கு வர்றேன். இழுத்துட்டு ஓடுறப்ப பிடிக்க ஆள் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா குட்டையை முன்னால் மாட்டினாள். டிரம் சுற்றும்போது லேசாக உரசும் அளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அட்ஜஸ்டரைத் திருப்பினாள். சந்தில் நடை வேகத்தில் ஓட்டி மிதித்தாள். பிறகு சற்று வேகமாக, பிறகு ஸ்டியரிங்கில் இரண்டே விரல் வைத்து. எட்டு தடவை. எட்டு தடவையும் வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

மூன்றே முக்காலுக்கு மைதானத்தில் இருந்தோம். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, அக்கா வேகமெடுத்து மிதித்தாள். மண்ணில் இரண்டு பின்சக்கரத் தடங்கள், சம நீளம். அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். தாளை எடுத்தார்.

"எந்தப் பட்டறை? சீல் வேணுமே."

"நான்தான் சார் மாத்தினேன்."

"அது சரிதாம்மா. இந்த இடத்துல ஒரு சீல் இருக்கணும்."

டாக்டர் முன்னால் வந்தார். சட்டைப் பையில் சீல் தயாராக இருந்தது. "நம்ம தங்கச்சிதான் சார். என் பட்டறைன்னே போட்டுத் தர்றேன்."

சரி என்று சொல்லிவிடு அக்கா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"வேணாம்ணே. போன வருஷம் நீ சீல் போட்டுக் குடுத்த பிரேக்தான் இன்னைக்குக் காலையில இழுத்துட்டுப் போச்சு." அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "சார், சீல் போட்டவர் வண்டியில உக்கார மாட்டார். நான் தினம் உக்காருவேன். அதுல என் பேரை எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் பேனா முனையால் தாளை இரண்டு தட்டு தட்டினார். ‘பட்டறை’ என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு, மேலே ‘ஓட்டுநர்’ என்று எழுதினார்.

"கையெழுத்துப் போடு. இனிமே இழுத்தா நீதாம்மா பொறுப்பு."

"நேத்து வரைக்கும் மட்டும் வேற யாரு சார் பொறுப்பு?" என்றாள் அக்கா. கட்டைவிரல் ரத்தம் தாளில் படாமல் பேனாவைப் பிடித்து, தன் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள்.