கடைசி அடியில் யார் பேர்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் இன்றும் எனக்கு இடம் மாறித்தான் உட்காரும். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனால் இங்கே எழுதப்போகும் விஷயத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால், ஏசு பாடுபட்ட கதையான பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கிவிடும். ஆண்கள்தான் நடிப்பார்கள். மாதா வேஷமும் மீசையை வழித்த ஒருவருக்குத்தான். நாடகத்தை நடத்துகிறவர் அண்ணாவியார். குளத்துக்குக் கீழே இருந்த வயலில் பாதிக்கு மேல் அவருடையது. நாடகத்திலும் வயலிலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, கணவனை இழந்து எங்கள் வீட்டில் இருந்தாள். அண்ணாவியார் வயலில் நடவுக்குப் போவாள். நடும்போது பாட்டுக் கட்டுவாள். நான் சொல்லும் தபசுக்கு முந்தின ஐப்பசியில் அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் வயலில் இறங்கியவள், மாதா சிலுவையடியில் நின்று அழுவதாக ஒரு பாட்டைத் தொடங்கினாள்.

நாத்துப் போல வளர்த்தேனே, மகனே,
நட்ட மரத்தில் பார்த்தேனே.

நடவு முடிவதற்குள் பதினோரு அடி ஆகிவிட்டது. அவள் சொல்லச் சொல்ல நான் என் பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த நோட்டை நான்தான் அண்ணாவியாரிடம் கொடுத்தேன். அவர் கேட்டார், சம்மனசு வேஷம், அதாவது தேவதூதன் வேஷம், தருவதாகச் சொன்னார். மூங்கில் சிம்பில் பஞ்சு ஒட்டின இரண்டு இறக்கை. அந்த இறக்கைக்கு நான் எதையும் கொடுத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஒத்திகை. மாதா வேஷக்காரர் அத்தையின் பாட்டைப் பாடினார். பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டின் கடைசி அடியில் அதைக் கட்டியவர் பேரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடைசி அடி வந்தது. அதில் அண்ணாவியார் பேர் இருந்தது. அவர் அப்பா பேரும் ஊர்ப் பேரும்கூட இருந்தன.

அத்தை எழுந்தாள்.

“நல்லாருக்கு அண்ணாவியாரே. நான் பெத்த புள்ளைக்கு நீங்க பேரு வச்சிட்டீங்க.”

பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது.

“ரேகை வைக்கிறவ பாட்டு எழுதினாளாம்! நோட்டைப் பாரு, அம்புட்டும் ஏங் கையெழுத்து.” அண்ணாவியார் என் நோட்டைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

“எழுதினேன்னு யாரு சொன்னா? கட்டினேன். வீடு கட்டுறவன் எழுதியா கட்டுறான்?”

அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “வாக்கா, பேசாம வா.” அவள் நகரவில்லை. ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

சத்தம் கேட்டுப் பங்குச் சாமியார் வந்தார். வெள்ளைக்காரர். குருமடத்தில் கிரேக்கம் படித்தவர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, முற்றத்து மணலில் குந்தி, விரலால் ஏதோ எழுதினார்.

“பாட்டு உண்டாக்குறவருக்குப் பழைய கிரேக்கத்தில ஒரு சொல் இருக்குது. மெலோபொயோஸ். மெலோஸ்னா பாட்டு. அதுக்கு முந்தி அந்தச் சொல்லுக்குக் கை, கால், அந்த மாதிரி உடம்போட உறுப்புன்னு அர்த்தம். பொயோஸ்னா செய்யிறவர். ரொட்டி செய்யிறவருக்கும் அந்த வால்தான் ஒட்டுவாங்க.”

“ரொட்டியும் பாட்டும் ஒண்ணா சாமி?” என்றார் அண்ணாவியார்.

“செய்யிறது ஒண்ணுதான். அந்தச் சொல்லுல எழுதுறதுங்கிற பேச்சே இல்லை.”

“அது ஆம்பளைக்குச் சொல்ற சொல்லா இருக்கும்.”

“ரெண்டு பேருக்கும் அதே சொல்தான்.”

“அப்பறம் என்ன?” என்றாள் அத்தை.

சாமியார் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். அதுவரை அவள் பக்கம் பேசியவர், திருநாள் நேரத்தில் சண்டை வேண்டாம், கடைசி அடியையே விட்டுவிடுங்கள், யார் பேரும் வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணாவியார் தலையாட்டினார். அத்தை ஆட்டவில்லை.

அந்த வாரம் முழுவதும் பையன்கள் ஒருவனை ஒருவன் “போடா மெலோபொயோஸ்” என்று திட்டிக்கொண்டார்கள். அது வசவு இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்னையும் அப்படியே திட்டினார்கள்.

பெரிய வெள்ளி, மூன்று மணி. சிலுவைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் நாலு சம்மனசுகள். மாதா பதினோரு அடியையும் பாடி நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாவியார் கை காட்ட, தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். மாதா வாய் திறந்து அண்ணாவியார் பேர் வைத்த அந்த அடியைப் பாடினார். அதைத் திருப்பிப் பாட வேண்டியது சம்மனசுகள்.

நாங்கள் தொடங்குவதற்குள் பந்தலில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எழும்பியது. நடவு வயலில் நாலு வரப்புத் தாண்டிக் கேட்கும் குரல்.

எழுத்தறியாக் கை கட்டினது, மகனே,
நாத்து நட்ட கை கட்டினது.

அவளோடு நடவு நட்ட பெண்கள் எல்லோரும் அதை வாங்கிப் பாடினார்கள். இரண்டாவது தடவை பந்தலே பாடியது. மாதா தாளக்காரரைப் பார்த்தார். தாளக்காரர் அண்ணாவியாரைப் பார்த்தார். அண்ணாவியார் எங்களைப் பார்த்து, “பாடுங்கடா!” என்றார்.

மற்ற மூன்று பேரும் அவர் அடியைப் பாடினார்கள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட ‘உள்ளேன்’ என்று சத்தமாகச் சொல்லாதவன் நான். கண்ணை மூடிக்கொண்டு அத்தையின் அடியைப் பாடினேன். பாடி முடிக்கும்போது முதுகில் ஒரு இழுப்பு. கண் திறந்தேன். என் இறக்கை அண்ணாவியார் கையில் இருந்தது. ஊர் பார்க்க நான் ஒற்றை இறக்கையோடு நின்றேன். இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை நான்தான் கொடுத்தேன் என்று அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். “தெரியும்” என்றாள். பிறகு நான் கேட்டேன், ஏன் உங்கள் பேரை வைக்கவில்லை என்று. எனக்கு அதில் கோபம்தான்.

“ஏம் பேரை வச்சா நான் மட்டும்ல பாடணும்?” என்றாள்.

பாஸ்காவில் அந்தப் பாட்டை இன்றும் பாடுகிறார்கள். கடைசி அடி அத்தையுடையதுதான். நடுவில் ஒரு வருஷம் அதை மாற்றப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றேன். மாற்றவில்லை.

நான் ஒற்றை இறக்கையோடு நின்ற அந்த வருஷம் ஐப்பசியில் குளம் நிறைந்து நடவு தொடங்கியது. வீட்டுக்கு எதிரேயே அண்ணாவியார் வயல். நடவுக்கு மற்றப் பெண்களைக் கூப்பிட ஆள் வந்தது, அத்தையைக் கூப்பிடவில்லை. அத்தை மட்டும் விடிவதற்கு முன்னால் தூக்குச் சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு ஆறு மைல் தள்ளி வேறு ஊருக்கு நடவுக்குப் போனாள். திரும்பும்போது கால் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். அடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும் போனாள்.

“இங்கிட்டு வயல் இருக்கயில ஏன் அங்கிட்டுப் போறீங்க?” என்று முதல் வருஷமே கேட்டேன்.

“அங்கிட்டுச் சேறு மெத்துன்னு இருக்குப்பா” என்றாள்.

நான் நம்பினேன். நம்பி, மெத்தென்ற சேறு எப்படி இருக்கும் பார்க்கலாம், என்னையும் கூட்டிப் போங்கள் என்று அழுது அடம்பிடித்தேன்.

எழுதி முடித்தது: 1989, ஐப்பசி 9.